முறுக்கை நனைத்துத் தின்ற இருவர்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது எடுத்த போட்டோ ஒன்று என் போனில் இருக்கிறது. திண்ணையில் அப்பாவும் என் சின்னவனும் ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு டம்ளர் பாலில் முறுக்கை முக்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றுகூடக் கிடையாது. இவனுக்கு வயது ஐந்தரை. "தாத்தாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்" என்று எல்லாரும் சிரித்தோம். குடும்ப குரூப்பில் வேறு போட்டேன்.

மறுநாள் அப்பாதான் கேட்டார். "ஏம்மா, எனக்குப் பல்லு இல்ல, ஊற வெச்சுத் திங்கிறேன். அவனுக்கு என்ன?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே இரண்டு பக்கமும் கடைவாயில் குழி. இடது பக்கம் ஒரு பல் பாதிதான் இருந்தது. உள்ளே கறுப்பு. அதில் ஒரு சோற்றுப் பருக்கை அடைத்துக்கொண்டிருந்தது.

ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம் எடுப்பான். சோற்றைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். சப்பாத்தி வேண்டாம், கொய்யாக்காய் வேண்டாம், தயிர்சாதம் என்றால் சரி. யூ.கே.ஜி. டைரியில் 'லஞ்ச் முடிப்பதில்லை' என்று இரண்டு முறை எழுதி வந்தது. அடம் என்று திட்டினேன், ஒரு தடவை அடித்தும் இருக்கிறேன். பசிக்க டானிக் வாங்கி ஊற்றினேன். அதுவும் சர்க்கரைப் பாகுதான்! ராத்திரி 2 மணிக்கு எழுந்து அழுவான். கெட்ட கனவு என்று நெற்றியில் விபூதி பூசிப் படுக்க வைப்பேன். விளையாட்டு மும்முரத்தில் மறந்துபோகிற பல்வலி, படுத்தால் கூடும் என்று பல் டாக்டர் பிறகு சொன்னார்.

"வலிக்குதுன்னு ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். "சாப்பிட்டா எல்லாருக்கும் வலிக்கும்லம்மா?" என்றான்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாட்டிலை எப்ப நிறுத்துனீங்க?" மூன்று வயது வரை, சர்க்கரை போட்ட பால், வாயில் வைத்தபடியே தூக்கம். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும், பால் பல்லிலேயே தங்கிவிடுமாம். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காத்துவிடும். அதனால்தான் அவை மட்டும் முத்துப்போல இருந்தன. மேல் முன்பல்லில் பழுப்பு ஏறியிருந்தது எனக்குத் தெரியும். விழுகிற பல்தானே என்று விட்டிருந்தேன்.

"கடைவாய்ப் பால்பல் விழ 10, 12 வயசாகும்மா. அதுவரைக்கும் எதை வெச்சு மெல்லுவான்?" என்றார். பிடுங்கிவிட்டால் இன்னொரு தொல்லை. 6 வயதுவாக்கில் பின்னால் முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து, அடியில் இருக்கிற பல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். பால்பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டென்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நான்கு தடவை போனோம். முதல் நாள் ஊரே கூடுகிற அழுகை. மூன்றாம் நாள் எச்சில் உறிஞ்சும் குழாயை நான்தான் பிடிப்பேன் என்று சண்டை. இரண்டு பல்லுக்கு ஸ்டீல் கேப் போட்டார்கள். பள்ளி வேனில் எல்லாரிடமும் வாயைப் பிளந்து 'வெள்ளிப் பல்லை'க் காட்டினானாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். அப்பா இவனுக்கும் சேர்த்துப் பால் ஆற்றி வைத்திருந்தார். இவன் முறுக்கை எடுத்து அப்படியே கடகடவென்று கடித்தான்.

"கட்சி மாறிட்டான்" என்றார் அப்பா.