முயலுக்கு மயக்கம்: வைவாவில் நான் பிழைவிட்ட இடம்

"மெடெட்டொமிடின் போட்டுப் பத்து நிமிஷம். முயலின் இதயத் துடிப்பு 130. பல் முரசு வெளிறிக் கிடக்கு. என்ன செய்வீர்?"

பேராதனையில் மிருக வைத்திய இறுதியாண்டு வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், வந்த கேள்வி. துடிப்பைக் கூட்டும் மருந்தை நினைத்து, "அட்ரோப்பின் குடுப்பன், சேர்" என்றேன். அந்த விடையில் இரண்டு பிழைகள்.

மயக்க மருந்தான மெடெட்டொமிடின் முதலில் இரத்தக் குழாய்களை இறுக்கும், அழுத்தம் ஏறும். அதைச் சமாளிக்கத்தான் இதயம் தன் வேகத்தைக் குறைக்கிறது. முரசு வெளிறுவதும் அதனாலேதான். இறுகிய குழாய்களுக்கு எதிராக இதயத்தை விரட்டினால் அதற்குச் சுமை கூடும். மற்றது, பல முயல்களின் இரத்தத்தில் அட்ரோப்பினை விரைவாகச் சிதைக்கும் நொதியம் உண்டு. அப்படியான மருந்து உண்மையிலேயே தேவைப்பட்டால் கிளைக்கோபைரோலேட்தான். நான் சொல்லியிருக்க வேண்டியது: ஒட்சிசன் கொடுத்துக் கவனிப்பேன், நிலைமை இறங்கினால் மெடெட்டொமிடினை முறிக்கும் அட்டிபமசோலால் மயக்கத்திலிருந்து மீட்பேன்.

ஆகவே தம்பி, தங்கச்சிமாரே, மருந்தளவு அட்டவணையை மட்டும் பாடமாக்காதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் இதயம், குழாய், மூச்சு என மூன்று கோடு போட்டு, ஏன் அப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். மயக்கத்துக்குப் போடும் மற்ற மருந்துகளில், மிடசோலம் இதயத்தில் மென்மையானது. கெட்டமின் துடிப்பைக் கூட்டும்.

துடிப்பை எண்ணவும் பழகுங்கள். முயலுக்கு 180 முதல் 300 வரை போகும். வாயால் எண்ண முடியாது. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் பேனையால் ஒரு புள்ளி, பத்து செக்கன். பிறகு ஆறால் பெருக்குங்கள்.

மூச்சுத்தான் எனக்கு இன்றைக்கும் பெரிய பயம். முயல் மூக்கால் மூச்சுவிடும் பிராணி. நெஞ்சறை சிறிது, குடல் பெரிது; மல்லாக்காகக் கிடத்தினால் குடல் பிரிமென்தகட்டை அழுத்தும். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். மெடெட்டொமிடினால் குழாய்கள் இறுகியிருப்பதால், இரத்த ஒட்சிசனை அளக்கும் ஒட்சிமானி சிலவேளை அளவே காட்டாது. அதனால் தொடக்கத்திலிருந்தே மாஸ்க்கில் ஒட்சிசன் கொடுத்து, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். ஊசிக்கு முன்பு முன்னங்கால்களின் உட்புறத்தைப் பார்க்க மறக்காதீர்கள். அங்கே உரோமம் காய்ந்து திரண்டிருந்தால் அது மூக்குச்சளியைத் துடைத்த அடையாளம்; நுரையீரலிலும் நோய் இருக்கலாம்.

இப்போது வெள்ளவத்தையில் வேலை செய்கிறேன். காலி வீதி மத்தியான வெயிலில் ஓட்டோவில் வரும் முயலுக்கு உடனே ஊசி போடுவதில்லை. கூடையை மூடி, குளிர்ந்த, சத்தமில்லாத அறையில் அரை மணித்தியாலம் வைத்துவிட்டுத்தான் மூச்சை எண்ணுவேன். ஓய்வில் 30 முதல் 60. "இரவு முழுக்கச் சாப்பாடு குடுக்கேல்லை, டொக்டர்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல்தான் ஓய்ந்துபோகும். வாய் வெறுமையாக ஒரு மணித்தியாலம் போதும்.

முதல் ஊசிக்கு முன்பே அந்த முயலின் நிறைக்கு அட்டிபமசோல் எவ்வளவு என்று கணக்கிட்டு அட்டையில் எழுதுங்கள். அது மயக்கத்தோடு மெடெட்டொமிடின் தந்த வலிநிவாரணத்தையும் எடுத்துவிடும். சத்திரசிகிச்சை என்றால் வேறு வலிமருந்து முன்பே போயிருக்க வேண்டும்.