இரண்டாவது மேனிஃபோல்டு: இந்த முறை பைப்பின் உட்புறத்திலிருந்து தொடங்கினேன்

டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. அந்தப் புகையை எஞ்சினிலிருந்து டர்போவுக்குக் கொண்டுபோகும் பைப் தொகுதிதான் மேனிஃபோல்டு. போன வருடம் நான் செய்த மேனிஃபோல்டு, மூன்றாவது சிலிண்டரின் பைப், நான்கு பைப்பும் ஒன்றாகக் கூடும் கலெக்டரோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டது. டிராக்கில் மொத்தம் இரண்டு நாள்தான் ஓடியிருந்தது. முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்த சுற்றில் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், இறங்கியது. போனட்டைத் திறந்தால் பைப்பைச் சுற்றிப் பாதி தூரத்துக்குக் கருப்பாக ஒரு கோடு.

வண்டி மாருதி எஸ்டீம், 1298 சிசி ஜி13பிபி எஞ்சின். ஏசி, பின் சீட் எல்லாம் கழற்றிய டிராக் வண்டி. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். சாலையில் ஓட்டும் வண்டியில் இப்படி மாற்றம் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தராது. இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டு வண்டியில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விரிசல் விட்ட மேனிஃபோல்டை எடுத்துக்கொண்டு, சாயப்பட்டறைகளுக்கும் பால் பண்ணைகளுக்கும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் வெல்டிங் செய்து பழகிய ஓர் அண்ணனிடம் போனேன். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை வேலையிலேயே இருபது வருடம் கழித்தவர். மேனிஃபோல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளியில பளபளன்னு இருக்குதுங்க தம்பி, உள்ள பாத்தீங்களா?" என்றார். அங்கேயே கட்டிங் வீலில் பைப்பை நெடுக்காகப் பிளந்து காட்டினார். உள்ளே வெல்டிங் ஓடிய இடம் முழுவதும் கருகிய சர்க்கரை போலக் கருப்பாகப் பொரிந்து கிடந்தது. நகத்தால் கீறினால் துணுக்காக உதிர்ந்தது.

அதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. அந்தத் துணுக்கு போய் விழும் இடம், டர்போவுக்குள் புகையால் சுழலும் டர்பைன் சக்கரம். சின்ன டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். விரிசல் முதலில் வந்ததால்தான் டர்போ தப்பியது.

காரணம் எளிது. டங்ஸ்டன் முனையிலிருந்து மின்பொறி எழுப்பி உருக்கும் டிக் வெல்டிங்கில், டார்ச் என்ற கைப்பிடியிலிருந்து வரும் ஆர்கான் வாயு, உருகிய உலோகத்தின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் காற்றிலிருந்து காக்கிறது. பைப்பின் உள்ளே இருப்பது சாதாரணக் காற்று. உருகி நிற்கும் எஸ்எஸ் அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து பொரிந்துவிடும். வெல்டின் அடிப்பகுதி அப்படியே மேடும் பள்ளமுமாக உறைந்துவிடும். விரிசலுக்கு அதைவிட நல்ல தொடக்கப்புள்ளி கிடையாது. பைப்பின் உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும். அதைத்தான் பர்ஜ் என்கிறார்கள். நான் ஆர்கான் செலவைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அது ஒன்று மட்டும் தவறில்லை. பைப் 1.6 மிமீ கனம்தான். டர்போவைத் தாங்க ஆதரவுப் பட்டை எதுவும் கொடுக்கவில்லை. ஐந்து கிலோவுக்கு மேல் எடை, சிவக்கச் சூடான மெல்லிய பைப்பில் தொங்கிக்கொண்டே அதிர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் மாற்ற முடிவு செய்தேன்.

இந்த முறை 304எல் ரக எஸ்எஸ் பைப், ஸ்கெட்யூல் 10 (பைப்பின் கனத்தைக் குறிக்கும் எண்), பெயரளவில் ஒன்றேகால் இஞ்ச். வெளி விட்டம் 42.2 மிமீ, கனம் 2.77 மிமீ. '304எல்' என்று கேட்டு வாங்கினேன். கார்பன் 0.03 சதவீதத்துக்குள் இருக்கும். சாதாரண 304-இல் வெல்டிங் சூட்டில் கார்பனும் குரோமியமும் சேர்ந்து, வெல்டை ஒட்டிய பகுதியைப் பலவீனமாக்கும். டைட்டானியம் சேர்த்த 321 இதைவிட நல்லது. ஆனால் அந்த அளவில் பெண்டு (வளைந்த பைப் துண்டு) எனக்குக் கிடைக்கவில்லை. சாயப்பட்டறைகள் பக்கத்திலேயே இருப்பதால் கோவையில் ஸ்கெட்யூல் 10 பெண்டு கிடைப்பது சிரமமில்லை. லாங் ரேடியஸ் 90 டிகிரி பெண்டு பன்னிரண்டு வாங்கினேன். அதில் பதினொன்று செலவானது.

வெட்டுவதற்கு முன் கணக்குப் போட்டதுதான் இந்த வேலையிலேயே எனக்கு அதிகம் பயன்பட்டது. இந்தப் பெண்டின் நடுக்கோட்டு ஆரம் 48 மிமீ. பைப்பின் வெளி விளிம்புக்கு 69 மிமீ, உள் விளிம்புக்கு 27 மிமீ. அப்படியென்றால் 30 டிகிரி துண்டு வேண்டுமானால் வெளி வளைவில் 36 மிமீ, உள் வளைவில் 14 மிமீ அளந்து குறித்து, இரண்டு புள்ளிகளையும் பட்டைக் காகிதத்தால் சுற்றி இணைத்தால் போதும். வெட்டு சரியாக ஆரத்தின் வழியே போனால் வெட்டுமுகம் வட்டமாக வரும், அடுத்த துண்டோடு ஒட்டி உட்காரும். கொஞ்சம் சாய்ந்தாலும் முகம் முட்டை வடிவமாகி, ஒரு பக்கம் இடைவெளி விழும். முதல் மேனிஃபோல்டில் அந்த இடைவெளிகளை, வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பியால் அடைத்திருந்தேன். இந்த முறை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, வெளிச்சம் தெரிந்தால் மறுபடி தேய்த்தேன்.

பைப் போகும் வழியை முதலில் கட்டுக்கம்பியால் வளைத்துப் பார்த்துக்கொண்டேன். கம்பியை நிமிர்த்தி அளந்தால் நீளம் கிடைத்துவிடும். எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. நான்கு பைப்பும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால்தான் ஒவ்வொரு சிலிண்டரின் புகைத் துடிப்பும் சீரான இடைவெளியில் டர்பைனுக்குப் போகும். 310 முதல் 330 மிமீக்குள் கொண்டுவந்தேன். இருக்கும் இடத்துக்குள் அதற்கு மேல் சமமாக்க முடியவில்லை. இந்த அளவு எஞ்சினுக்கு அந்த 20 மிமீ பெரிய குறை இல்லை என்பது என் எண்ணம்.

மேனிஃபோல்டை எஞ்சின் ஹெட்டோடு இணைக்கும் ஹெட் ஃபிளாஞ்ச் 12 மிமீ இரும்புத் தகடு. கேஸ்கட்டை வைத்துக் கோடு எடுத்து, லேசர் கட்டிங்கில் கொடுத்து வெட்டி வாங்கினேன். டர்போ பக்கம் டி25 என்ற அளவு ஃபிளாஞ்ச்.

அப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் சிங்காநல்லூர் கார் ஷெட்டுக்குள் நேராக நுழையும். அம்மியே பறக்கிற காற்றில் ஆர்கான் எம்மாத்திரம்? மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டியும் வெல்டில் ஊசித் துளைகள் விழுந்துகொண்டே இருந்தன. இரண்டு சனிக்கிழமை வீணானது. பிறகு காற்று அடங்கும் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலையை மாற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் ஷெட்டில் கேட்பது ஆர்க்கின் சீறலும் மயிலும்தான். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

பர்ஜ் ஏற்பாடு இப்படி. பைப்பின் திறந்த முனைகளை அலுமினியம் டேப்பால் மூடினேன். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, அதனால் கீழ் முனையில் குழாயைச் செருகி, மேல் முனையில் சிறு துளை விட்டேன். கீழிருந்து நிரம்பி, காற்றை மேலே தள்ளிவிடும். ஒரு பைப்பின் உள் கொள்ளளவு மூன்றில் ஒரு லிட்டர்தான். நான்கு பைப்பும் கலெக்டரும் சேர்ந்தால்கூட ஒன்றரை லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டு இரண்டு நிமிடம் காத்திருந்தால் ஆறு ஏழு மடங்கு ஆர்கான் ஓடியிருக்கும். நான் போன வருடம் மிச்சம் பிடிக்க நினைத்தது இவ்வளவுதான். 7 கன மீட்டர் சிலிண்டரில் இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் அண்ணன் அழுத்திச் சொன்னார். துண்டுகளை நகராமல் பிடிக்க முதலில் வைக்கும் புள்ளி வெல்டான டேக் போடும்போதும் பர்ஜ் ஓட வேண்டும். டேக் போட்ட இடம் உள்ளே பொரிந்துவிட்டால், பிறகு எவ்வளவு அழகாக மேலே ஓட்டினாலும் அது அப்படியே இருக்கும்.

டங்ஸ்டன் 2.4 மிமீ, லாந்தனம் கலந்தது. தோரியம் கலந்த சிவப்பு முனையில் லேசான கதிரியக்கம் உண்டு, தீட்டும்போது தூசியாகப் பறக்கும் என்பதால் அதை வாங்குவதில்லை. டார்ச் முனையில் பெரிய கப், ஆர்கானைச் சீராகப் பரப்பும் கேஸ் லென்ஸ், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆர்கான். எஸ்எஸ் பைப்போடு எஸ்எஸ் சேர 308எல் கம்பி, இரும்பு ஃபிளாஞ்சோடு சேர 309எல். கரண்ட் 80, 85 ஆம்பியர். எஸ்எஸ் சூட்டைக் கடத்தும் வேகம் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான், சூடு அங்கேயே தேங்கிவிடும். அதனால் ஒரு இஞ்ச் ஓட்டி, எதிர்ப்பக்கம் போய் ஒரு இஞ்ச் ஓட்டி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டுத் தொடர்ந்தேன். வெல்டு வைக்கோல் நிறத்திலோ லேசான நீலத்திலோ வந்தால் நல்லது, சாம்பல் நிறமென்றால் சூடு கூடிவிட்டது. வீட்டு சிங்கிள் ஃபேஸ் லைன் தாங்குமா என்று பலர் கேட்கிறார்கள். 85 ஆம்பியரில் ஆர்க் வோல்டேஜ் பதிமூன்று பதினான்குதான். ஏறக்குறைய 1.2 கிலோவாட். தாராளமாகத் தாங்கும்.

பைப்பைத் துடைக்க அசிடோன் மட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை வெல்டிங் செய்யும் இடத்தின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். ஆர்க் வெளிச்சத்தில் அந்த ஆவி பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும், ஆளையே கொன்றுவிடும். எஸ்எஸ் புகையிலும் குரோமியம் இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் வடிகட்டி மாஸ்க் போட்டுக்கொண்டேன்.

கலெக்டர்தான் கடினமான பகுதி. நான்கு பைப்பையும் இரண்டு சாய்தளங்களில் வெட்டி, நடுவில் ஒரு புள்ளியில் கூட்ட வேண்டும். அந்த நடுச் சிலுவை வெளியிலிருந்து கைக்கு எட்டாது. டி25 ஃபிளாஞ்சை வைப்பதற்கு முன்பே உள்ளே டார்ச்சை நுழைத்து அதை முடித்தாக வேண்டும். மூன்று விடியற்காலைகள் இதற்கே போயின. முதல் முயற்சியில் சிலுவையின் மையத்தில் உருகல் பிடிக்காமல் ஒரு குழி நின்றது. முழுவதும் தேய்த்தெடுத்து மறுபடி ஓட்டினேன்.

சூட்டில் பைப் நீளும் கணக்கையும் இந்த முறை போட்டுப் பார்த்தேன். 300 மிமீ எஸ்எஸ் பைப் 700 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 4 மிமீ நீளும். இரும்பு ஃபிளாஞ்ச் அவ்வளவு சூடேறாது, நீள்வதும் குறைவு. அலுமினிய ஹெட்டோ தண்ணீரால் குளிர்ந்து நூறு டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மூன்றும் மூன்று விதமாக நீளும்போது அந்த இழுவை எங்காவது வெளியேற வேண்டும். வழி விடாவிட்டால் வெல்டைக் கிழித்துக்கொண்டு போகும். அதனால் ஃபிளாஞ்சின் நடு ஓட்டைகளை 8.5 மிமீயாகவும், ஓரத்து ஓட்டைகளை 10 மிமீயாகவும் வைத்தேன். அவற்றின் வழியே வரும் ஸ்டட் (ஹெட்டிலிருந்து நீட்டி நிற்கும் திருகுக் கம்பி) எட்டு மிமீ. நடு பிடித்திருக்க, ஓரங்கள் நகர்ந்துகொள்ளும். எல்லா வெல்டும் முடிந்த பிறகு, ஹெட்டின் புகைத் துளைகளான போர்ட்டுகளுக்கு இடையில் ஃபிளாஞ்சை அறுத்து நான்காகப் பிரித்துவிட்டேன். அறுக்கும்போது மனசு கேட்கவில்லை, அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை வெட்டுகிறோமே என்று.

அறுப்பதற்கு முன் வெல்டிங் முழுவதும் ஃபிளாஞ்சை 20 மிமீ தகட்டில் போல்ட் போட்டு இறுக்கித்தான் நடந்தது. இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில் கழற்றினேன். அப்படியும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.6 மிமீ வளைவு தெரிந்தது. சிட்கோ தொழிற்பேட்டையில் சர்ஃபேஸ் கிரைண்டிங் கொடுத்தேன், 0.05-க்குள் வந்துவிட்டது.

சிவப்புச் சாயச் சோதனையில் ஒரே ஓர் இடம் மாட்டியது. சாயத்தை அடித்துக் கால் மணி நேரம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்பு கசிந்து வரும். இரண்டாவது பைப்பில் கடுகு அளவு ஒரு சிவப்புப் பொட்டு. காற்று அடித்த அந்த இரண்டு சனிக்கிழமைகளில் போட்ட வெல்டு. அதை மட்டும் தேய்த்துச் சரிசெய்தேன்.

டர்போவுக்கு எஞ்சின் பிளாக்கிலிருந்து ஒரு பட்டை கொடுத்தேன். பட்டையின் ஓட்டை நீள்வட்டம், எடையைத் தாங்கும், நீள்வதைத் தடுக்காது. டர்போவிலிருந்து புகை வெளியேறும் டவுன்பைப்பில், நீண்டு சுருங்கும் பெல்லோஸ் சேர்த்தேன். துணிப் பட்டை சுற்றச் சொல்லி இரண்டு நண்பர்கள் கேட்டார்கள், சுற்றவில்லை. சூட்டை உள்ளேயே பூட்டி வைத்து 304-ஐச் சீக்கிரம் தின்றுவிடும்.

முதல் நாள் இருபது நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, முழுவதும் ஆறவிட்டு நட்டுகளை மறுபடி இறுக்கினேன். இதையே மூன்று முறை செய்தேன். போன ஞாயிறு செட்டிபாளையத்தில் ஐந்து ஐந்து சுற்றுகளாக நான்கு தடவை ஓட்டினேன். பூஸ்ட் 0.5 பாருக்கு மேல் வைக்கவில்லை. விசில் இல்லை.

வீட்டுக்கு வந்து டர்போவைக் கழற்றி, டார்ச் லைட் அடித்துக் கலெக்டருக்குள் பார்த்தேன். நடுச் சிலுவை முழுதாக இருக்கிறது, உள்ளே எந்த வெல்டிலும் பொரிந்த தடம் இல்லை. நான்காவது பைப்பின் ஓரத்து நட்டு மட்டும் கால் சுற்று தளர்ந்திருந்தது. அந்த இடத்துக்குச் செம்பு பூசிய லாக் நட்டு வாங்க வேண்டும். இன்னும் நான்கு ஓட்டம் முடிந்ததும் மறுபடி சாயம் அடித்துப் பார்ப்பேன். அதற்குள் தகரத்தில் ஹீட் ஷீல்டு வெட்டி வைக்க வேண்டும், பிரேக் ஆயில் குழாய்க்கும் இரண்டாவது பைப்புக்கும் இடையில் நான்கு விரல் இடம்தான் இருக்கிறது.