தீபாவளி மாலைக்கு ஒரு சாயக் கலவை

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தேநீர் பால் ஊற்றியதுபோல் கலங்கியிருந்ததைக் கண்டு, அது கெட்டுவிட்டதென்று அண்ணி கீழே ஊற்றப்போனார்.

அது கெடவில்லை.

கடுஞ்சாயம், அதாவது பால் விடாத கடும் தேநீர், சட்டெனக் குளிரும்போது அதிலுள்ள கஃபீனும் பாலிபீனால்களும் ஒன்றோடொன்று சேர்ந்து திரள்வதால்தான் அந்தக் கலங்கல் உண்டாகிறது. சிறிது கொதிநீர் விட்டதும் மறுபடி செந்நிறமாகத் தெளிந்துவிட்டது. வெளியிலேயே மெல்ல ஆறவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது, நுவரெலியாக் குளிரில் அதற்கு ஐஸ்கூட வேண்டியதில்லை.

இஞ்சிச்சாறு, சீனிப்பாகு, தேசிக்காய்ப்புளி, கொடித்தோடைச்சாறு (பாஷன் புரூட் சாறு) ஆகியவற்றை அந்தச் சாயத்தில் கலந்தால் வீட்டில் எல்லோருக்கும் பானம் தயார். விரும்பும் பெரியவர்கள் தங்கள் கிளாசில் மட்டும் 50 மில்லிலீற்றர் தென்னஞ்சாராயம் சேர்த்துக்கொள்ளட்டும். ஜாடி முழுவதிலும் ஊற்றிவைக்கும் மாமாக்களின் வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல.

பலகாரத் தட்டின் இனிப்பு இதற்கு ஒத்துவராது. அவித்த கொண்டைக்கடலையைச் செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டுடன் தாளித்தாலே போதும். வடை சுடுவதானால், ஊறிய கடலைப்பருப்பில் ஒரு பிடியை அரைக்காமல் எடுத்துவைத்து, பிறகு மாவுடன் பிசைந்து, சிறியதாகவும் மெல்லியதாகவும் தட்டிப் போடுங்கள். பல்லில் மொறுமொறுவென்று படுவது அந்தப் பருப்புத்தான்.

கொண்டைக்கடலையை மட்டும் முதல்நாள் இரவே ஊறப்போட்டுவிடுங்கள்.