மட்கார்டை அகலப்படுத்தும்போது தகடு ஏன் குழிகிறது?

மட்கார்டை வெட்டி நடுவே தகட்டுப் பட்டை சேர்த்து அகலப்படுத்தும் வேலையில், வளைப்பதைவிட வெல்டிங்கில்தான் வடிவம் அதிகம் கெடுகிறது.

பட்டையின் கனம் பழைய தகட்டோடு ஒத்துப்போகட்டும், பெரும்பாலும் 0.8 முதல் 1 மி.மீ. முதலில் காகிதத்தை, பட்டை பெற வேண்டிய வளைவின் மேல் படியவையுங்கள். காகிதம் மடிந்து சேரும் இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும். கீறிவிட்டால் வாய் பிளக்கும் இடத்தில் நீட்ட வேண்டும். இது தெரியாமல் சுத்தியலைத் தொடுவது வீண்.

விளிம்புகள் இடைவெளியின்றிப் பொருந்தியதும் 25 மி.மீ.க்கு ஒரு பொட்டு (தகட்டைப் பிடித்துவைக்கும் சிறு வெல்டு) வையுங்கள். டிக் (TIG, டங்ஸ்டன் முனையால் உருக்கும்) வெல்டிங் நல்லது. மிக் (MIG, கம்பியே உருகிச் சேரும்) வெல்டு கடினமானது, புடைப்பை அரைத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும். வெல்டு ஆறும்போது சுருங்கி, பக்கத்துத் தகட்டையும் உள்ளே இழுக்கும். உடனே குழியை நிரப்பப் புட்டியைத் தேட வேண்டாம். அடியில் டாலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டி) முட்டுக்கொடுத்து வெல்டின் மேலேயே தட்டினால், அது நீண்டு குழி மேலே வரும். டாலியின் வளைவு தகட்டைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும்; தட்டையானது என்றால் அதன் விளிம்பு தழும்பு போடும்.

அளவுமீறித் தட்டினால் தகடு தளர்ந்து, அழுத்தும்போது ‘டப்’ என்று உள்ளே போய் வரும். அங்கே நாணயம் அளவு இடத்தைச் சிவக்கச் சூடாக்கி, மெல்லத் தட்டி, ஈரத்துணியால் ஒற்றுங்கள். கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த புள்ளி.