குத்தகைப் பத்திரத்தை முதலில் எடுங்கள்

அரசுப் பணத்தில் தனி வாரியங்கள் நடத்தும் அமெரிக்கச் சார்ட்டர் பள்ளிகளின் கணக்கைப் பார்க்க உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் முதல்வரின் சம்பளத்தைத்தான் தேடுவார்கள். லாபநோக்கற்ற அமைப்பு வரித்துறைக்குத் தரும் 990-ஆம் படிவத்தின் ஏழாம் பகுதியில் அது இருக்கும். எடுத்துப் பார்த்தால், பல சமயம் சாதாரணத் தொகைதான். தேன் எடுத்தவன் புறங்கையை நக்கினானா என்று பார்த்துக்கொண்டிருந்தால், மரம் யார் பெயரில் இருக்கிறது என்பது கண்ணில் படாது.

1991-இல் மினசோட்டா முதல் சட்டத்தை இயற்றியதிலிருந்து அடிப்படை ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. அரசு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று பணம் தரும். பள்ளியை ஒரு தனி வாரியம் நடத்தும். அனுமதி கொடுத்த அமைப்பு மேற்பார்வை பார்க்கும். வாரியம் ஒரு நிர்வாக நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறதே, பணம் தனியார் கைக்கு மாறுவது அங்கேதான். பள்ளியின் கணக்கு பொதுவில் இருக்கும். லாபத்துக்காக நடக்கும் அந்த நிறுவனத்தின் கணக்கு இருக்காது. 990-ஆம் படிவம் அதற்குக் கிடையாது.

ஆகவே ஒப்பந்தத்தைக் கையில் எடுத்ததும் கட்டண விதியைப் படிக்க வேண்டும். வருவாயில் 10 சதவீதம் என்றிருந்தால் அந்த வருவாய் எது, மாநிலப் பணம் மட்டுமா, மத்திய அரசு மானியமும் சேர்த்தா? மோசமானது, ஏறக்குறைய எல்லாப் பணத்தையும் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, செலவு போக மிஞ்சுவதை அதுவே வைத்துக்கொள்ளலாம் என்னும் வகை. ஒஹாயோவில் ஒயிட் ஹேட் என்னும் நிர்வாக நிறுவனத்துக்கு அதன் பள்ளிகள் மாநிலப் பணத்தில் சுமார் 95 சதவீதத்தைக் கொடுத்தன. பள்ளிகள் பிரிய நினைத்தபோதுதான் இன்னொரு விதி தெரியவந்தது: அந்தப் பணத்தில் வாங்கிய மேசை, நாற்காலி, கணினி எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம், வேண்டுமென்றால் பள்ளி விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். 2015-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றது. கையெழுத்து போடும்போது வாரியத்துக்குத் தனி வழக்கறிஞர் இருந்தாரா, அல்லது நிறுவனம் ஏற்பாடு செய்தவரா என்பதைக் கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

அடுத்தது குத்தகை. கற்பனையாக ஒரு கணக்கு போடுவோம். நிர்வாக நிறுவனத்தின் உரிமையாளருக்கு வேண்டிய இன்னொரு கம்பெனி 40 லட்சம் டாலர் கடனில் கட்டடம் வாங்குகிறது. 5 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றால் ஆண்டுக்குச் சுமார் 3.2 லட்சம் கட்ட வேண்டும். பள்ளியிடம் வாங்கும் வாடகை 6 லட்சம். வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் பள்ளியின் தலையில். ஆண்டுக்கு 2.8 லட்சம் கையில் நிற்கிறது. 20 ஆண்டு கழித்துக் கடனில்லாத கட்டடமும் நிற்கிறது. இதில் ஒரு டாலர்கூடத் திருட்டு இல்லை. பல மாநிலங்களில் சட்டமீறலும் இல்லை. பெயர்கள் வேறு வேறாக இருப்பதால் பார்த்ததும் தெரியாது. மாவட்டப் பதிவு அலுவலகத்தில் பத்திரத்தை எடுத்து, மாநிலத்தின் கம்பெனிப் பதிவேட்டில் அந்தக் கம்பெனியின் முகவரியைத் தேடி, நிர்வாக நிறுவனத்தின் முகவரியோடு ஒப்பிட வேண்டும். முகவரி ஒன்றாக இருப்பது ஆச்சரியப்படும் அளவுக்கு அடிக்கடி நடக்கிறது. வாடகை, பள்ளியின் வருவாயில் 15 சதவீதத்தைத் தாண்டினால் பக்கத்துக் கட்டடங்களின் சதுர அடி வாடகையை விசாரிக்கலாம். 990-இன் எல் அட்டவணை இப்படிப்பட்ட உறவுகளைச் சொல்ல வேண்டிய இடம். அது காலியாக இருந்தால் உறவே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இணையவழிப் பள்ளிகளில் கட்டடம் கிடையாது. அங்கே தலைக்கணக்குதான் சரக்கு. ஒஹாயோவின் ஈகாட் பள்ளி 2015-16-இல் 15,000-க்கும் மேல் மாணவர்களுக்குப் பணம் வாங்கியது. எத்தனை மணி நேரம் படித்ததற்கு ஆதாரம் இருக்கிறது என்று மாநிலம் எண்ணிப் பார்த்தபோது முழுநேரக் கணக்கில் 6,300 அளவில்தான் தேறியது. அந்த ஓர் ஆண்டுக்கே 6 கோடி டாலரைத் திருப்பித் தரச் சொன்னார்கள். 2018 ஜனவரியில் பள்ளி மூடப்பட்டது. அதன் நிறுவனர் வில்லியம் லேகரின் கம்பெனிகளில் ஒன்று நிர்வாகத்துக்கும், இன்னொன்று மென்பொருளுக்கும் பள்ளியிடமிருந்தே பணம் பெற்றுவந்தன. பள்ளி மட்டும் லாபநோக்கற்றது.

கலிபோர்னியாவில் ஏ3 என்னும் நிறுவனத்தை நடத்தியவர்கள் மீதான வழக்கு இன்னும் துணிச்சலானது. 2019-இல் குற்றப்பத்திரிகை, 19 இணையப் பள்ளிகள், மாநிலம் கொடுத்தது சுமார் 40 கோடி டாலர். கோடையில் விளையாட்டு அணிகளின் பட்டியலை வாங்கி, அந்தப் பிள்ளைகளை மாணவர்களாகப் பதிந்தார்கள். நம்மூர் வருகைப் பதிவேட்டில் போலிப் பெயர் எழுதும் கதைதான். ஆனால் அங்கே பெயரும் பிள்ளையும் நிஜம், படிப்பு மட்டும் இல்லை. அனுமதி கொடுத்தவை பெரும்பாலும் மிகச் சிறிய கல்வி வட்டாரங்கள். பள்ளியின் வருவாயில் ஒரு பங்கு மேற்பார்வைக் கட்டணமாக வட்டாரத்துக்கே வரும். தலை கூடினால் கட்டணமும் கூடும். கேள்வி கேட்க வேண்டியவருக்கே எண்ணிக்கை உயர்வதில் லாபம் இருந்தால், எந்தத் தணிக்கை விதியும் ஓரளவுக்குத்தான் உதவும்.

ஓக்லஹோமாவின் எபிக் பள்ளியில் மாணவர் செலவுக்கென ஒதுக்கிய நிதி நிர்வாக நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. உள்ளே வந்துவிட்டால் அது தனியார் பணம், தணிக்கையாளருக்குக் காட்ட வேண்டியதில்லை என்று நிறுவனம் வாதிட்டது. அதனால் புதிதாக ஒப்பந்தம் எழுதும் வாரியம் ஒரே ஒரு வரி சேர்க்க முடியும் என்றால், சேர்க்க வேண்டியது இது: பொதுப் பணம் எந்தக் கணக்குக்குப் போனாலும் அதன் ரசீதுகளை மாநிலத் தணிக்கையாளர் பார்க்கலாம். அதற்கு மறுக்கும் நிறுவனத்தோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

2019 ஜூலை முதல் லாபநோக்கு நிறுவனங்கள் சார்ட்டர் பள்ளிகளை நடத்தக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் சொல்கிறது. கட்டடத்தை வாடகைக்கு விடுபவரும் மென்பொருள் விற்பவரும் அந்தத் தடையில் வரவில்லை.