குழாயைக் கழற்றுவதற்கு முன்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு வாகனப் பட்டறையில் வேலை பழகிய முதல் ஆண்டில், எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம்கூட ஆகாத ஒரு காரின் பெட்ரோல் வடிகட்டியை மாற்றுவதற்காகக் குழாய் இணைப்பைத் தளர்த்தினேன். பெட்ரோல் பீய்ச்சியடித்து என் கன்னத்திலும் சட்டையிலும் தெறித்தது. பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் விளக்கை அணைக்கப் பதறிப்போய்க் கையை நீட்டியபோது, "தம்பி, சுவிட்சைத் தொடாதே! அப்படியே வெளியே வா!" என்று மூத்த மெக்கானிக் அண்ணன் கத்தினார், கத்திக்கொண்டே ஓடி, வெளிச்சுவரில் இருந்த மின்பலகையில் இணைப்பைத் துண்டித்தார். சுவிட்சுக்குள் எழும் சிறு பொறியே ஆவியைப் பற்றவைக்கப் போதும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

எஞ்சின் நின்ற பிறகும் எரிபொருள் குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருக்கும். சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் அது பெரும்பாலும் 3 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும். ஆகவே பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு, எஞ்சினை இயக்கித் தானாக அணையவிட்டு, பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். அதன் பின்னரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டு மெல்லத் தளர்த்துவதே முறை. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் அழுத்தம் 100 பாரையும் தாண்டும். தயாரிப்பாளரின் கையேட்டைப் படிக்காமல் அந்தப் பக்கம் கை வைக்கவே கூடாது.

அழுத்தத்தைவிட ஆவிக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். உறைபனிக் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும் பெட்ரோல், 30 டிகிரிக்கும் மேல் காயும் நம் ஊர்ப் பகலில் எப்படி இருக்கும்! காற்றில் 1.4 விழுக்காடு கலந்தாலே அந்த ஆவி எரியும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து, சாக்கடைத் துளை வழியாகவும் இறங்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலேயே பம்பை மாற்றித் தரும்படி கேட்கும் நண்பர்களுக்கு நான் மறுப்புச் சொல்வது இதனால்தான். இரண்டு கார் தள்ளி ஒருவர் எஞ்சினை முடுக்கினாலும், சிகரெட்டைப் பற்றவைத்தாலும், அதைத் தடுக்க அங்கே நம்மால் முடியாது.

தொட்டிக்குள் இருக்கும் பம்பை மாற்ற வேண்டுமானால், தொட்டி கால்பங்குக்கும் குறைவாக இருக்கும் நாளில் வருவது நல்லது. சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டும்போது முக்கால் தொட்டியாவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதிக்காக நிரப்பிக்கொண்டு ஜொகூர் போய்த் திரும்பிய மறுநாளே வராதீர்கள். உலர்தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். தீ கைமீறினால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 995 அழையுங்கள்.

அன்று மின்சாரம் திரும்ப வருவதற்கு முன் பட்டறையின் கதவுகளையெல்லாம் திறந்துவைத்து வெகுநேரம் காத்திருந்தோம். பிறகு புது ஓ‑ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டு இணைப்பை முடுக்கி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் மூன்று முறை திருப்பி அழுத்தம் ஏறவிட்டோம். அண்ணன் ஒரு வெள்ளை டிஷ்யூவை என்னிடம் நீட்டி, இணைப்பைச் சுற்றித் துடைக்கச் சொன்னார். அதன் ஓரத்தில் கடுகளவு ஈரம் தெரிந்தது. எல்லாவற்றையும் மறுபடி கழற்றினோம்.