‘திரும்பி வரலாம்’ என்று மொழிபெயர்த்தவன்

கனடாவின் ரொறன்ரோவில் உரைபெயர்ப்பாளராக 14 வருடம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிவரவு விசாரணை என்று எல்லா இடத்திலும் மற்றவர்களுடைய சொற்களை என் வாயால் சொல்லியிருக்கிறேன். நான் சொன்ன ஒரு சொல்லுக்காக ஒரு மண்டபமே சிரித்தது ஒரேயொரு முறைதான்.

ஸ்காபுறோவில் எக்ளிண்டன் வீதிக்குக் கிட்ட ஒரு ஆறு மாடிக் கட்டடம். 1960களில் எழும்பியது, எல்லாமே வாடகை வீடுகள். எலிவேற்றர் மாதத்தில் பாதி நாள் படுத்துக் கிடக்கும். ஆனால் அறைகள் பெரிசு, வாடகை குறைவு. இருந்தவர்களில் நிறையப் பேர் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர். அதை இடித்துவிட்டு 30 மாடிக்கு மேல் ஒன்று கட்டச் சொந்தக்காரர்கள் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். முன்புறப் புல்லில் அறிவிப்புப் பலகை நட்ட சில மாதங்களில், பக்கத்துப் பள்ளிக்கூட ஜிம்மில் குடியிருப்பாளர் கூட்டம். தமிழுக்கு நான்.

விளக்க வந்த அதிகாரி பொறுமையானவர். சொன்ன விஷயமும் நல்ல விஷயம்தான். ரொறன்ரோவில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ள கட்டடத்தை நினைத்தபடி இடிக்க முடியாது. நகரசபையின் அனுமதி வேண்டும். 2006இல் வந்த ரொறன்ரோ நகரச் சட்டம் கொடுத்த அதிகாரம் அது. இடிக்கிற வாடகை வீடுகளுக்கு ஈடாகப் புதுக் கட்டடத்தில் வாடகை வீடுகள் கட்ட வேண்டும்: அதே அறைக் கணக்கு, கிட்டத்தட்ட அதே வாடகை. பழைய ஆட்கள் திரும்பி வரலாம். வெளியே இருக்கிற காலத்துக்கு உதவித்தொகையும் உண்டு. 2022இல் மாகாண அரசு கொண்டுவந்த சட்டம் இந்த ஏற்பாட்டின் மேல் கைவைக்க அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்ததால் அதிகாரியின் குரலில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அதை மொழிபெயர்க்க வழியில்லை.

எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தவன், திரும்பி வருகிற பகுதிக்கு ‘மீள்குடியேற்றம்’ என்று போட்டுவிட்டேன். அகராதிப்படி பிழையில்லை.

மூன்றாவது வரிசையில் இருந்த அன்ரி ஒருவர் சத்தமாகவே கேட்டார்: “மீள்குடியேற்றமோ? அப்ப இருவது வருஷம் எடுக்கும்.”

ஜிம் முழுக்கச் சிரிப்பு. அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று வரவில்லை. இடம்பெயர்ந்தவர்களைத் திரும்ப ஊரில் விடுவதற்கு இலங்கையில் சொல்கிற சொல் அது. அன்ரியின் ஊர் யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது, கொஞ்ச நாளில் வந்துவிடலாம் என்று கதவைப் பூட்டி வெளிக்கிட்ட சனம். ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. காணிகளைத் துண்டு துண்டாக விடத் தொடங்கவே 20 வருடம் ஆகிவிட்டது. அந்த ஜிம்மில் இருந்த பாதிப் பேருக்கு, ‘இப்ப போங்கோ, பிறகு வரலாம்’ என்று யாராவது சொல்வது புதிதில்லை. 1995 ஒக்டோபர் 30இல், இராணுவம் நெருங்க, ஊரோடு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களும் அங்கே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை. ‘திரும்பி வாறது’ என்று பச்சையாகச் சொல்லிவிடுவேன். அதுவும் பெரிய முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன்.

அன்ரியின் கணக்கு வேறு. இடித்துக் கட்டி முடிய மூன்று நாலு வருடம். அவருக்கு அப்போது 74. “வரேக்க 78, தம்பி. ஆர் என்னை அந்த உயரத்துக்குக் கொண்டுபோய் விடுறது?” நாலாம் மாடியில் அவர் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் ஒன்று, கீழ் வீட்டில் ஒன்று. பின்னேரங்களில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து அவரிடம்தான் ரொட்டி தின்னும். நகரசபை கொடுத்த கேள்வித்தாளில் எத்தனை படுக்கையறை, என்ன வாடகை, எப்போது குடிவந்தீர்கள் என்று இருந்தது. சாவி யார் யாரிடம் என்று கேட்க அதில் இடமில்லை. இருக்கவும் முடியாதுதான்.

ஆனால் என் மனதில் நிற்பது அன்ரி இல்லை, எலிவேற்றருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அண்ணை. கூட்டம் முடிந்து, ஒரு வீட்டுக்காரருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அண்ணை சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். “இதில என்ன கிடக்குது எண்டு ஒருக்காப் பாரும். 5,000 டொலர் தந்தவை. நல்ல ஆக்கள்.”

என்11. வாடகை ஒப்பந்தத்தை வீட்டுச் சொந்தக்காரரும் குடியிருப்பவரும் சம்மதித்து முடிக்கிற படிவம். இடிப்பதற்காகக் குடியிருப்பவரை எழுப்புவதென்றால் என்13 என்ற அறிவித்தல் வேண்டும். 120 நாள் தவணை வேண்டும். பெரிய கட்டடமென்றால் குறைந்தது மூன்று மாத வாடகை நட்டஈடு வேண்டும். அதற்கு மேல் நகரசபை போடுகிற நிபந்தனைகள். தானாகச் சம்மதித்துப் போகிறவருக்கு இவற்றில் பெரும்பாலானவை கையைவிட்டுப் போய்விடும். அண்ணை மாதம் 1,240 டொலர் கட்டிக்கொண்டிருந்தார். வெளியே அதே அளவு வீடு 2,500க்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் ஒன்ராறியோவில் ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. 5,000 டொலர் நாலு மாத வித்தியாசத்துக்குக் காணும்.

உரைபெயர்ப்பாளர் புத்தி சொல்லக் கூடாது. சொன்னதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தாளில் இருந்ததை வரிக்கு வரி வாசித்துச் சொன்னேன். சட்ட உதவி நிலையத்தின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. “மரியாதையாக் கேட்டவை, நான் எப்பிடி மாட்டன் எண்டுறது?” என்றார். இரண்டு கிழமைக்கு முதல் என் கையில் அந்தத் தாள் கிடைத்திருந்தால் விதியை மீறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சரி, இப்போது சொல்லி என்ன.

இன்னொரு சிக்கலும் அங்கேதான் வெளிச்சமானது. லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், இருக்கிற பெயர் ஒன்று, வீட்டில் இருக்கிற ஆள் வேறு. 1990களில் மகன் பெயரில் எடுத்த வீட்டில் இப்போது தாய் மட்டும்; மகன் மார்க்கம் நகரில் வீடு வாங்கிப் போய் 15 வருடம். அறை வாடகைக்கு இருந்த இரண்டு பெடியன்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அவர்கள் கூட்டத்துக்கே வரவில்லை. குளிர்காலம் வருவதற்குள் யாருக்கும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

அன்ரியின் லீஸ் அவர் பெயரிலேயே இருந்தது. கடைசி மட்டும் எதிலும் கையெழுத்துப் போடாமல் இருந்து, என்13 வந்த பிறகுதான் வெளிக்கிட்டார். திரும்பி வரும் உரிமைக் கடிதத்தை நான் வாசித்துக் காட்ட, வாங்கி ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்தார். அதற்குள் ஏற்கெனவே ஊர்க் காணி உறுதி இருந்தது.

இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே ஏஜக்ஸில் மகளோடு இருக்கிறார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் போன் வரும். நான் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவன் என்று தெரியும்.

“கிடங்கு கிண்டத் தொடங்கிட்டினமோ?”

“இன்னும் இல்லை அன்ரி. வேலி மட்டும்தான் நிக்குது.”